கசப்புக்குள் ஒரு வெள்ளைத் தூள்



விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் ஒரு கோப்பை கறுப்புக் காப்பி. அது உள்ளே இறங்கினால்தான் பலருக்கு வாளி தூக்கக் கை வரும். அந்தச் சுறுசுறுப்பைத் தருவது கஃபீன் என்னும் சரக்கு. 1819-இல் ஜெர்மன் ரசாயன அறிஞர் ருங்கே இதைக் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். தனியே பார்த்தால் வெள்ளை வெளேரென்ற தூள், மணமில்லை, கசக்கும்.

காப்பியின் கறுப்பு, கொட்டையை வறுப்பதால் வருவது. நம் நாட்டில் சீனி சேர்த்து வறுப்பதால் இன்னும் கறுக்கிறது. ஆகவே நிறத்தைப் பார்த்து வீரியத்தை அளக்க முடியாது. பால் ஊற்றி வெளுத்தாலும் கஃபீன் அப்படியேதான் இருக்கும்.

"நல்லா கொதிக்க வச்சா வீரியம் போயிடும்" என்பார்கள். நடப்பது நேர்மாறு. கஃபீன் உருகவே ஏறத்தாழ 235 பாகைச் சூடு வேண்டும்; தண்ணீரோ 100 பாகையில் கொதித்துவிடும். அதோடு, ஆறிய நீரைவிடக் கொதிநீரில் அது முப்பது மடங்கு கரையக்கூடியது. காய்ச்சக் காய்ச்சத் தூளிலிருந்து நீருக்குள் இறங்குமே தவிர, எங்கும் ஓடிவிடாது.

ரப்பர் வருமுன், 1890-களில், செமினிக்குப் பக்கத்துக் காஜாங்கில் பயிரானது லைபீரியக் காப்பி. இன்று கடைத்தூளில் பெரும்பாலும் சேரும் ரொபஸ்டாவில் அதைவிடக் கஃபீன் அதிகம்.

களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் உட்காரவேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீர்ந்ததா? இல்லை, சேதிதான் போய்ச் சேரவில்லை! குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரமாகும். செம்பனை ஆலையில் இரவு வேலை பார்ப்பவர் விடியும் நேரத்தில் காப்பி குடித்தால், பகல் தூக்கம் கெட்டது.

கர்ப்பிணித் தாய்மார்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். கடைசி மாதங்களில் அந்தப் பாதி போக 15 மணி நேரம்கூட ஆகலாம். வயிற்றுப் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போனால், எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் உண்டு, குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கெட்டியான காப்பி மூன்று கோப்பையில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். தேத்தண்ணியையும் சேர்த்தே எண்ணுங்கள். பனடோல் எக்ஸ்ட்ரா மாத்திரை ஒன்றிலும் 65 மில்லிகிராம் இருக்கிறது. சில வீடுகளில் கைக்குழந்தையின் பால் புட்டியில் காப்பி ஊற்றுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம்.

நாள்தோறும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் மறுநாளே தலைவலி மண்டையைப் பிளக்கும். பயப்பட வேண்டாம், சில நாளில் தணிந்துவிடும். தினம் அரைக் கோப்பையாகக் குறைத்து வந்தால் அந்தத் தொல்லையும் இராது.