அடுக்களையில் மூன்று இடங்கள்

“சுத்தம் சோறு போடும்” என்பர். வேலைக்காக ஓசூர் வந்த பல குடும்பங்களின் வாடகை வீட்டு அடுக்களை சிறியது. அதில் குப்பையைப் பிரித்து வைக்க இடமேது? மூன்று சிறு இடங்கள் போதும்.

ஒன்று, காய்கறித் தோல், மிஞ்சிய சோறு ஆகியவற்றுக்கு மூடி போட்ட வாளி. இதைத் தினமும் காலி செய்ய வேண்டும்.

இரண்டு, காகிதம், பால் கவர், புட்டி ஆகியவற்றுக்குக் கதவின் பின்னால் தொங்கும் கோணிப்பை. பால் கவரைக் கழுவி, காயவைத்துப் போட வேண்டும். ஈரம் பட்ட காகிதம் பழைய பேப்பர் கடையில் விலை போகாது.

மூன்று, தீர்ந்த பேட்டரி, பழைய மருந்து, பிளேடு ஆகியவற்றுக்குக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தகர டப்பா. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகளும் வீட்டுக் குப்பையை மூன்றாகவே பிரிக்கச் சொல்லின.

சென்ற ஆண்டு நான் உடைந்த கண்ணாடி வளையலைக் காய்கறித் தோலோடு போட்டுவிட்டேன். மறுநாள் குப்பை வாங்க வந்த அம்மாவின் விரலில் இரத்தம். அவர் என்னைத் திட்டவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. இப்போது கண்ணாடித் துண்டைத் தாளில் சுற்றித் தனியே கொடுக்கிறேன்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலில், குப்பையைப் பிரிப்பதையும் நற்செயல்களில் ஒன்றாகக் கூறியுள்ளார். தோழியரே, பிறர் அன்பை நம் அடுக்களையிலேயே தொடங்குவோம்!