மூன்று சென்ட்டில் ஒரு கிணறு, ஒரு கழிப்பறை

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞத்தைத் தாண்டினால் கடலோரம் முழுக்க மீனவர் குடியிருப்புகள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மூன்று சென்ட் நிலம் இருந்தால் வசதியான குடும்பம்.

அந்த மூன்று சென்ட்டில் விதிகளைப் பொருத்திப் பாருங்கள். கழிப்பறைக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது கேரளக் கட்டட விதி. மூன்று சென்ட் என்பது சுமார் 121 சதுர மீட்டர்; சதுரமான மனை என்றால் ஒரு பக்கம் 11 மீட்டர். நடுவில் வீடு. சொந்தக் கிணற்றைத் தப்பித்தாலும் அண்டை வீட்டுக் கிணற்றைத் தப்ப முடியாது. கிணறுகளின் அடர்த்தியில் நாட்டிலேயே முன்னணியில் நிற்கும் மாநிலம் வேறு.

மணல் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்பது கடலோரத்து நம்பிக்கை. பாதி உண்மை. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 2 மீட்டர் உலர்ந்த மண் இருந்தால் கிருமிகள் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். நுண்ணிய மண் என்றால் கிணறு 3 மீட்டரில் இருந்தாலும் போதும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டுதல்கள். குழியே நீரில் மிதந்தால் அந்தத் தூரம் 10 மீட்டர். ஜூனில் மழை பிடித்ததும் இங்கே நீர் மேலே ஏறிவிடுகிறது. வடிகட்ட உலர்ந்த மணல் எங்கே மிஞ்சும்?

2016 நவம்பரில் கேரளத்தின் கிராமப்புறம் திறந்தவெளிக் கழிப்பு அற்றதாக அறிவிக்கப்பட்டது. எண்ணப்பட்டவை கழிப்பறைகள். அவற்றின் அடியில் இருந்த குழிகளை யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

இதற்கு ஒரு மாற்று இதே கரையில்தான் பிறந்தது. 1990களின் நடுவில் பால் கால்வெர்ட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இந்தக் கிராமங்களில் குழியே இல்லாத கழிப்பறைகளைக் கட்டினார். தரைக்கு மேலே இரண்டு அறைகள். படியேறிப் போக வேண்டும். மலம் அறைக்குள் விழும், மேலே ஒரு பிடி சாம்பல். ஓர் அறை நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்த வேண்டும். மாதக்கணக்கில் கிடந்து உலர்ந்தது தென்னைக்கு எருவாகும்.

இரட்டை அறை வியட்நாமில் ஏற்கனவே இருந்ததுதான். ஆனால் நாம் கழுவுகிற ஜனங்கள். தண்ணீர் பட்டால் எருவாவது கெட்டு நாற ஆரம்பிக்கும். எனவே கழுவும் நீருக்கு கால்வெர்ட் தனி வழி வைத்தார். அது சுவரோரத்துச் செடிப் பாத்திக்குப் போகும். வேர் உறிஞ்சும், இலை ஆவியாக்கும். கிணற்றுக்குப் போக மிச்சம் இருக்காது. வாழையும் கல்வாழையும் இந்த வேலைக்குத் தோதானவை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்றதும் காங்கிரீட் தொட்டிகளையும் மோட்டார்களையும் நினைப்பவர்களுக்கு ஒரு வாழைக் கன்று ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

குறைகளும் உண்டு. அடைமழையில் பாத்தியே நீரில் நிற்கும்போது எந்த இலையும் எதையும் ஆவியாக்க முடியாது. விறகடுப்பு போய் காஸ் வந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? உலர்ந்ததை அள்ள வேண்டும் என்றதும் முகம் சுளிப்பவர்களையும் குறைசொல்ல முடியாது.

இதெல்லாம் கழிப்பறைக் கணக்கு மட்டும். மொழிபெயர்ப்பில் எனக்கு அடிக்கடி இடறும் ஒரு விஷயம்: கழிப்பறை நீருக்கும் குளியல், சமையல் நீருக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிப் பெயர்கள். தமிழில் இரண்டுமே கழிவுநீர். அளவில் பெரியது இரண்டாவதுதான், கவனிக்கப்படாததும் அதுதான்.

அது இனி கூடவே செய்யும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய் நீர். ஐந்து பேர் என்றால் 275 லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 180 லிட்டர், கழிவாக வெளியே வரும். வரும் தண்ணீருக்குக் குழாய் உண்டு, போகும் தண்ணீருக்கு இல்லை. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 100 நாட்களில் 10 லட்சம் உறிஞ்சு குழிகள் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. மேட்டு நிலத்துக்கு நல்ல யோசனை. நீர் மேலே நிற்கும் மணலில் உறிஞ்சு குழி என்பது இன்னொரு கிணறு.

நகரத்துக்கு முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது, 2013 முதல். ஒவ்வொரு மீனவர் கிராமத்திலிருந்தும் அதுவரை குழாய் பதித்து, தட்டையான மணலில் பம்ப் வைத்துத் தள்ள எந்தப் பஞ்சாயத்தின் வருமானமும் காணாது. மிஞ்சுவது வாழைப் பாத்திதான், இந்த முறை சமையலறைக்குப் பின்னால். 180 லிட்டருக்கு அது கொஞ்சம் அகலமாகவே வேண்டும். மூன்று சென்ட்டில் அதற்கு இடம் தேட வேண்டும்.