பழைய டிராக்டரும் நாலு ஒயரும்

மழைக்காலம் தொடங்கிவிட்டது. வயலில் தண்ணீர் நிற்கிறது. உடனே உழ வேண்டும். ஆனால் அக்காவின் பழைய டிராக்டர் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பேட்டரி போச்சு தம்பி. தோட்டை அடகு வெச்சுப் புதுசு வாங்கப் போறேன்" என்றார் அக்கா. அவர் எங்கள் இரவு வகுப்பில் படிக்கிறவர்.

புதுப் பேட்டரி நம் தீவுக்குச் சுலபமாக வருமா? சென்னைக்கும் நமக்கும் நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். கப்பல் வந்து சேர மூன்று நாள் ஆகும். கப்பல் கூலியும் விலையில் சேரும்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டோம். அவர் பல வருடம் டிராக்டர் ரிப்பேர் பார்த்தவர்.

"ஏம்மா, தொட்டியில தண்ணி இல்லேன்னா தொட்டியையா மாத்துவே? மோட்டார் ஓடுதான்னு பார்க்க மாட்டியா?" என்று கேட்டார் தாத்தா.

அவர் சொன்னது சரிதான். பேட்டரி ஒரு தொட்டி மாதிரி. வண்டியைக் கிளப்பும்போது அதிலிருந்து மின்சாரம் செலவாகிறது. அதைத் திரும்ப நிரப்புவது டைனமோ. இன்ஜின் ஓடும்போது ஃபேன் பெல்ட் டைனமோவைச் சுற்றுகிறது. டைனமோ மின்சாரம் தருகிறது.

நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதைக் கட் அவுட் என்பார்கள். மின்சாரம் அளவுக்கு மேல் போகாமல் அது பார்த்துக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் போகாமலும் தடுக்கும்.

சென்னையில் 1960-இல் டாஃபே நிறுவனம் தொடங்கியது. அது செய்த பழைய மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களில் டைனமோவைப் பார்க்கலாம். புதிய டிராக்டர்களில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்நேட்டர் இருக்கிறது. இங்கே சொல்லும் சோதனையை ஆல்டர்நேட்டரில் செய்யக் கூடாது.

நாலு ஒயர் எவை?

கட் அவுட் பெட்டியில் ஆங்கில எழுத்துகள் இருக்கும்.

டி: டைனமோவின் பெரிய முனையிலிருந்து வரும் தடித்த ஒயர். மின்சாரம் இதில்தான் வரும்.

எஃப்: டைனமோவின் சின்ன முனைக்குப் போகும் மெல்லிய ஒயர். டைனமோ எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்பதைப் பெட்டி இதன் வழியாகக் கட்டுப்படுத்தும்.

ஏ: முள் மீட்டர் வழியாகப் பேட்டரிக்குப் போகும் ஒயர்.

இ: டிராக்டரின் இரும்பு உடம்பில் சேரும் எர்த் ஒயர்.

சில பெட்டிகளில் ஏ-1 என்று இன்னொரு முனை இருக்கும். அது விளக்குகளுக்கு.

டி ஒயரும் எஃப் ஒயரும் இடம் மாறினால் பெட்டி கெட்டுப் போகலாம். அதனால் தாத்தா ஒரு வேலை சொன்னார். அக்கா காகிதத்தில் டி, எஃப், ஏ, இ என்று தமிழில் எழுதினார். ஒவ்வொரு ஒயரிலும் ஒட்டினார். பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

எப்படிப் பார்த்தோம்?

முதலில் ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினோம். ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போனது. சரியாக இருந்தது. அதிகம் தொங்கினால் பெல்ட் வழுக்கும். டைனமோ சரியாகச் சுற்றாது.

அடுத்து டைனமோ. அதிலிருந்து இரண்டு ஒயரையும் கழற்றினோம். அவற்றின் நுனியில் டேப் சுற்றினோம். டைனமோவின் இரண்டு முனைகளையும் சின்னக் கம்பியால் சேர்த்தோம். அந்தக் கம்பிக்கும் டைனமோவின் உடம்புக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை இணைத்தோம். வண்டியைச் சரிவில் உருட்டிக் கிளப்பினோம். இன்ஜினை மெதுவாகவே ஓடவிட்டோம். பல்பு பளிச்சென்று எரிந்தது!

"டைனமோ நல்லா இருக்கு" என்றார் தாத்தா.

இன்ஜினை நிறுத்திவிட்டு ஒயர்களைப் பழையபடி மாட்டினோம். அடுத்து எர்த் ஒயரைப் பார்த்தோம். அதன் போல்ட்டைச் சுற்றி ஒரே துரு. கடல் காற்றில் உப்பு இருக்கிறது. மழையும் அதிகம். இரும்பு சும்மா இருக்குமா? துரு வழியாக மின்சாரம் போகாது. எர்த் இல்லாவிட்டால் பெட்டி வேலை செய்யாது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது.

பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தோம். அக்கா உப்புத்தாளால் துருவைத் தேய்த்தார். இரும்பு பளபளத்தது. போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மறுபடி வண்டியைக் கிளப்பினோம். மீட்டரில் முள் கூட்டல் பக்கம் சாய்ந்தது. சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம்.

அன்று மாலை வரை அக்கா உழுதார். மறுநாள் காலை சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. தோடு அக்காவின் காதிலேயே இருந்தது.

பகல் முழுக்கச் சார்ஜ் ஏறியும் மறுநாள் வண்டி கிளம்பாவிட்டால்? அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

கவனம்!

ஒயரைத் தொடும் முன் இன்ஜினை நிறுத்துங்கள். பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். கடைசியில் மாட்டுங்கள்.

சில பழைய வண்டிகளில் பேட்டரியின் கூட்டல் முனை எர்த்தில் இருக்கும். சிலவற்றில் கழித்தல் முனை இருக்கும். கழற்றும் முன் பார்த்து எழுதி வையுங்கள்.

பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். பேட்டரியில் இருப்பது அமிலம். மேலே பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இன்ஜின் ஓடும்போது சேலைத் தலைப்பு, துண்டு பெல்ட்டில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. பல்பு எரிந்ததும் தாத்தா என்ன தெரிந்துகொண்டார்?

2. ஒயர்களில் எழுத்து ஒட்டியது எதற்காக?

3. உங்கள் வீட்டில் உப்புக் காற்றால் துருப்பிடித்த பொருள்கள் எவை? அவற்றை எப்படிக் காப்பாற்றலாம்?