முற்றத்தை முதலில் வரையுங்கள்

ஜோகூர் பாருவின் லார்கின், தம்போய் தொழிற்பேட்டைகளை நகரம் எப்போதோ சூழ்ந்துவிட்டது. இத்தகைய பழைய ஆலை நிலம் குடியிருப்பாக மாறும்போது, நாலைந்து தளங்களுக்குக் கார் நிறுத்துமிடம், அதற்குமேல் கொண்டோ கோபுரம் என்பதே நமக்குப் பழகிய வழி. ஆனால் ஆலை மனை, கடைவீட்டு மனைபோல் குறுகி நீண்டதல்ல; அகலமானது. நடுவில் பெரிய முற்றம் விட்டுச் சுற்றிலும் ஆறு மாடி வீடுகள் கட்ட இதைவிடத் தோதான இடம் நகருக்குள் அரிது.

முற்றம் ஜோகூருக்குப் புதிதல்ல. ஜாலான் தான் ஹியோக் நீயின் பழைய கடைவீடுகள் நடுவில் வானத்தைத் திறந்துவைத்துத்தான் வெளிச்சமும் காற்றும் பெற்றன. இரண்டு மாடிக்கு அது போதும். உயரம் கூடும்போதுதான் சிக்கல். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, ஆறு மாடிக் கட்டடத்தின் 'ஏர்வெல்' எனும் காற்று, வெளிச்சத்துக்கான உள்திறப்பு 11 சதுர மீட்டரும், குறைந்தது 2.5 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். அது ஒரு படுக்கையறை அளவு. அடிமாடிக்கு வெளிச்சம் இறங்காது. எதிர்வீட்டுத் தாளிப்பு வாசம் மட்டும் தவறாமல் வரும். 1853இல் பெர்லின் நகரம், தீயணைப்பு வண்டி திரும்புவதற்காக 5.34 மீட்டர்ச் சதுர முற்றம் போதும் என்று விதித்தது. விளைவு, இருண்ட, நெரிசலான தொழிலாளர் குடியிருப்புகள். ஆகவே முற்றத்தின் அகலம் கட்டடத்தின் உயரத்துக்காவது சமமாக இருக்க வேண்டும்.

நாற்புறமும் அடைத்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் வெந்துபோக மாட்டோமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் மூலைகளையும் தரைத்தளத்தின் ஒரு பகுதியையும் திறந்துவிட்டு, வடகிழக்கு, தென்மேற்குப் பருவக்காற்றுகளுக்கு வழிவிட வேண்டும். நண்பகல் வெயில் நேர் உச்சியில் அடிக்கும் ஊரில் நிழல்மரமும் கட்டாயம். மரம் வேரோட மண் வேண்டும். முற்றம் முழுவதன் அடியிலும் கார் நிறுத்துமிடம் தோண்டினால் அது நடக்காது. ஆலை நின்ற மண்ணில் எண்ணெயோ ரசாயனமோ ஊறியிருக்கிறதா என்று முன்னதாகவே சோதிப்பதும் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

வீடுகள் குறைந்துவிடும் என்பது அடுத்த எதிர்ப்பு. முப்பது மாடிக்கு ஆறு மாடி ஈடாகாது, உண்மைதான். ஆனால் 1930இல் முடிந்த வியன்னாவின் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்னும் முற்றக் குடியிருப்பு, மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டி 1,382 வீடுகளைத் தந்தது. புக்கிட் சாகார் ரயில் நிலையத்தை ஒட்டிக் கோபுரங்கள் எழட்டும். தொழிற்பேட்டை நிலத்துக்கும் அதே அச்சு எதற்கு? உயரம் குறைந்தால் லிஃப்ட், தண்ணீர்ப் பம்புச் செலவும் குறையும். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுபவருக்கு அதன் அருமை தெரியும். திட்ட அனுமதி கொடுக்கும்போதே மாநகர் மன்றம் முற்றத்தின் அகலத்தை நிபந்தனையாக்கிவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு முற்றத்தை யாராலும் அகலப்படுத்த முடியாது.