ஏலத்தில் எடுத்தாச்சு, பொருள் வரலை: என்ன செய்யலாம்?

பழைய பவர் டில்லர், களையெடுக்கும் கருவி, மரச்செக்கு, சொட்டுநீர்க் குழாய் என்று பலதையும் இப்போது நம்ம ஆட்கள் ஆன்லைன் ஏலத்தில் எடுக்கிறார்கள். புதுசு வாங்கக் கையில் காசில்லாதவருக்கு அது நல்ல வழிதான். ஆனால் ஏலம் நம்ம பேரில் முடிந்த பிறகு, "இல்லீங்க, கொடுக்கற மாதிரி இல்லை" என்று விற்றவர் பின்வாங்கினால் என்ன செய்வது என்று மூன்று நாலு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எங்கள் உழவர் குழுவுக்கே இது நடந்திருக்கிறது. அதனால் பட்டதையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி: ஏலம் முடிந்ததா, முடியவில்லையா? எல்லாமே இதில்தான் இருக்கிறது.

கண்ணபுரம் சந்தையிலும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலும் துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். விரலைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவரில்லை. அச்சாரம் கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. 1930ஆம் வருசத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 64இல் ஏலத்துக்குச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியோ, வழக்கமான வேறு முறையிலோ முடிந்தது என்று அறிவிக்கும்போது விற்பனை நிறைவேறுகிறது. நம்ம ஊரில் அந்த வழக்கமான முறை "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்". மூணு தரம் சொல்லும் வரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சொன்ன பிறகு கேட்டவருக்கும் வழியில்லை, விற்றவருக்கும் வழியில்லை.

ஆன்லைனில் சுத்தியலும் இல்லை, மூணு தரமும் இல்லை. அங்கே கடிகாரம் ஓடி முடிகிறது. அது முடிந்ததும் அதிக விலை கேட்டவருக்கே விற்பனை என்று அந்த ஏலத்தின் விதிமுறையில் இருந்தால் ஒப்பந்தம் உண்டாகிவிட்டது. கையெழுத்துப் போட்ட தாள் எங்கே என்று யாரும் கேட்க முடியாது. மின்னணு வழியில் உண்டானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10அ பிரிவு சொல்கிறது.

இதில் நம்ம ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வங்கியும் நிதி நிறுவனமும் பறிமுதல் செய்த டிராக்டரை ஏலம் விடும்போது, அதிக விலை கேட்டது ஒப்புதலுக்கு உட்பட்டது, காரணம் சொல்லாமல் ஏலத்தை ரத்து செய்யலாம் என்று விதிமுறையில் போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டிருந்தால் திரையில் உங்கள் பேர் முதலில் இருப்பது வெறும் விரல் பிடித்த நிலைதான். அதிக விலை கேட்டார் என்பதால் மட்டுமே உரிமை வந்துவிடாது, ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்று நம்ம உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அங்கே கட்டிய முன்வைப்புத் தொகையைத் திரும்ப வாங்கலாம், வண்டியைக் கேட்க முடியாது. ஏலம் தொடங்கும் முன்னாலேயே பொருளை எடுத்துவிட்டாலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1873இல் ஒருவர் ஏல அறிவிப்பை நம்பி வெளியூருக்குப் போனார். அவர் வாங்க நினைத்த பொருளை ஏலத்தில் வைக்கவே இல்லை. போக்குவரத்துச் செலவைக் கேட்டு வழக்குப் போட்டார், கிடைக்கவில்லை. அறிவிப்பு என்பது வாக்குறுதி அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏலம் முடிந்த பிறகு மாறினால் கதையே வேறு. ஆஸ்திரேலியாவில் 2006இல் ஒருவர் தன் பழைய விராவே விமானத்தை ஈபே தளத்தில் ஏலம் விட்டார். குறைந்தபட்ச விலை 1,50,000 ஆஸ்திரேலிய டாலர். ஒருவர் அந்த விலைக்குக் கேட்டார், நேரம் முடிந்தது. விற்றவரோ வேறொருவர் 1,00,000 டாலர் கூடத் தருகிறார் என்று கொடுக்க மறுத்தார். நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் 2007 ஆகஸ்டில், ஒப்பந்தம் கட்டுப்படுத்தும், விமானத்தைக் கொடு என்று தீர்ப்புச் சொன்னது. அது நம்ம நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம்ம சட்டத்தின் வேரும் அதே ஆங்கிலேயச் சட்டம்தான்.

எங்கள் குழுவுக்கு நடந்ததும் இதே மாதிரிதான், விமானத்துக்குப் பதிலாக மரச்செக்கு. மூடப்போகிற ஒரு எண்ணெய் ஆலையின் செக்கும் மோட்டாரும் ஏலத்துக்கு வந்தன. கடலை அறுவடைக்கு ஒன்றரை மாசம் இருந்தது. ரசாயனம் போடாத கடலையைக் கமிட்டிக்குக் கொண்டுபோனால் மருந்தடித்த கடலையின் விலைதான். எண்ணெயாக்கினால்தான் உழைப்புக்கு ஏதாவது நிற்கும். 1,35,000 ரூபாய்க்கு எங்கள் பேரில் முடிந்தது. 10,000 கட்டினோம், லாரிக்கு 2,000 அச்சாரம் கொடுத்தோம். நாலாம் நாள் போன்: "வேற ஒருத்தர் கூடக் கேட்கறாருங்க, உங்க பணத்தை வாங்கிக்குங்க."

கோபத்தில் நாலு வார்த்தை பேசி, பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவதுதான் வழக்கம். நாங்கள் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பணத்தைத் திருப்பிப் பெறுவது எங்கள் உரிமையைக் கைவிடுவதாகாது" என்று எழுதி அனுப்பினோம். இந்த ஒரு வரி முக்கியம். பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டோம். ஏல எண், முடிந்த தேதி, நேரம், விலை, கட்டிய தொகை, பத்து நாளுக்குள் பொருளை ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடத்தில் வாங்கி வித்தியாசத்தை உங்களிடம் கேட்போம், அவ்வளவுதான். திட்டு, சாபம் எதுவும் இல்லை.

வித்தியாசம் என்றால் என்ன? விற்றவர் பொருளைத் தராவிட்டால் வாங்கியவர் நட்டஈடு கேட்கலாம் என்று அதே சட்டத்தின் பிரிவு 57 சொல்கிறது. பேசிய விலைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் இடையே உள்ளதுதான் பொதுவாக அந்தக் கணக்கு. குறிப்பிட்ட அந்தப் பொருளே வேண்டும் என்றால் பிரிவு 58 உண்டு. ஆனால் செக்கு வேறு இடத்திலும் கிடைக்கும், வழக்கு முடிவதற்குள் கடலை புழுத்துப்போகும். பத்து நாள் கழித்து வேறொரு ஊரில் அதே அளவுச் செக்கை 1,52,000க்கு எடுத்தோம். வித்தியாசம் 17,000, லாரி அச்சாரம் 2,000, ஆக 19,000. வேண்டுமென்றே விலை உயர்ந்ததை வாங்கிவிட்டு எல்லாவற்றையும் அவர் தலையில் கட்ட முடியாது. நட்டத்தைக் குறைக்க நாமும் முயற்சி செய்திருக்க வேண்டும். அதனால் மூன்று இடத்தில் விலை கேட்ட தாளை வைத்திருந்தோம்.

எங்கே போவது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். ஏலத் தளத்துக்குக் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். 2020ஆம் வருசத்து மின்வணிக விதிகளின்படி புகார் வந்ததை அவர் 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாசத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கே பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, ரெண்டு வருசத்துக்குள் போட வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக ஒரு கருவி வாங்கிய உழவர் நுகர்வோர்தான். ஆனால் குழுவோ நிறுவனமோ வியாபாரத்துக்கு வாங்கியிருந்தால் "நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தப் பொருளை ஒரே ஒருமுறை விற்கிற தனி ஆளின் மேலும் அங்கே போவது கடினம். அப்போது சிவில் நீதிமன்றம், மூன்று வருசக் கெடு.

எங்களுக்கு அந்தச் சிக்கல் இருந்ததால் வட்டச் சட்டப்பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தோம். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், கட்டணமில்லை. உதவி எண் 15100. ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். கட்டிய 10,000 போக, மேற்கொண்டு 14,000 தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். கேட்டதைவிட 5,000 குறைவுதான். ஆனால் மக்கள் நீதிமன்றத்தில் எழுதிய சமரசத்துக்கு சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, அதன் மேல் மேல்முறையீடும் கிடையாது. அடுத்த போகத்து வேலையைப் பார்க்கப் போகலாம் பாருங்க, அது 5,000க்கு மேல் பெறும்.

எங்களைக் காப்பாற்றியது ஆதாரம். ஏலம் முடிந்த அன்றே திரையைப் படம் எடுத்தோம், விதிமுறைப் பக்கத்தையும் சேர்த்து. குறுஞ்செய்தியை அழிக்கவில்லை, போனையும் மாற்றவில்லை. போனில் பேசியதையெல்லாம் "நீங்கள் இன்று இப்படிச் சொன்னீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவைத்தோம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63படி, மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது கூடவே ஒரு சான்றிதழும் வைக்க வேண்டும். வக்கீலிடம் சொன்னால் எழுதித் தருவார்.

பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணோம் என்றால் அதைப் பின்வாங்கல் என்று நினைத்துக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அது மோசடி. உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

இதெல்லாம் நாம் வாங்குபவராக இருக்கும்போது. வருசத்தில் பெரும்பாலும் நாம்தான் விற்பவர். பெருந்துறையில் மஞ்சளும், அவல்பூந்துறையில் கொப்பரையும், கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் நாம்தான். 2016 ஏப்ரல் 14இல் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தை இப்போது நம்ம ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கும் வந்துவிட்டது. அதில் அதிக விலை என்ன என்று தெரிந்த பிறகும், கட்டுப்படியாகாவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உழவருக்கு உண்டு. இதைப் பின்வாங்கல் என்று யாராவது முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள். அங்கே மூணு தரம் சொல்வது நாம்தான்.

ஆனால் சம்மதம் என்று சொல்லி, எடை போட்டு, ரசீதும் வந்த பிறகு, வாசலில் நிற்கிற வியாபாரி குவிண்டாலுக்கு 200 கூடத் தருகிறேன் என்றால் மாறக் கூடாது. செக்குக்காரர் எங்களுக்குச் செய்ததும் அதுவேதான். விலை ஏறும் என்ற எண்ணம் இருந்தால் ஏலத்துக்கு முன்னாலேயே கமிட்டியில் பேசுங்கள். கிடங்கில் இருப்பு வைத்து, சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். ஆறு மாசம் வரை காத்திருக்கலாம். சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் கொண்டுபோங்கள். சரக்கை நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோக வேண்டும். மருந்து போடாத மஞ்சளில் ஈரம் இருந்தால் ரெண்டாம் மாசமே வண்டு விழுந்துவிடும்.