அணை நீரும் சால்மன் முட்டையும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு பிரீஸ்ட் ராப்பிட்ஸ் அணையைத் தாண்டியபின் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தடையின்றி ஓடுகிறது. ஹான்ஃபோர்டு ரீச் எனப்படும் இப்பகுதியில் சினூக் சால்மன்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் முட்டையிடுகின்றன. பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் அடித்துக் கூழாங்கல் படுகையில் குழி பறிக்கும். முட்டையிட்டதும் நீரோட்டத்தின் மேல்பக்கத்தில் சற்றுத் தள்ளித் தோண்டி, அங்கிருந்து வரும் கற்களாலேயே குழியை மூடிவிடும். கல்லிடுக்கில் ஓடும் நீர்தான் முட்டைகளுக்கு ஆக்சிஜன் தருகிறது. குஞ்சுகள் வசந்தகாலத்தில்தான் வெளியே வரும்.

மின்தேவை பகலில் கூடும், இரவில் குறையும். அணையில் மின்சாரம் தயாரிக்க அதற்கேற்ப நீரைத் திறந்தால் ஆற்றின் மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கும். பகலில் நீர் உயர்ந்திருந்தால் கரையோர மேடுகளிலும் மீன்கள் குழி பறிக்கும்; நீர் வடிந்ததும் அக்குழிகள் வெளியே தெரியும். ஈரம் காயாதவரை முட்டைகள் ஓரளவு தாங்கும். பொரித்த குஞ்சுகளோ செவுளால் சுவாசிப்பவை. சில மணி நேரம் நீர் விலகினாலே மடிந்துவிடும். இந்த இழப்பைக் குறைக்க முடியும்.

சினூக் பெரும்பாலும் பகலில்தான் குழி பறிக்கிறது என்று கருதப்பட்டது. 1988-இல் ஏற்பட்ட வெர்னிட்டா பார் ஒப்பந்தம் இதை அடிப்படையாகக் கொண்டது: முட்டையிடும் பருவத்தில் பகலில் குறைவாகவும் இரவில் அதிகமாகவும் நீர் விடப்படுகிறது. குழிகள் தாழ்வான இடத்திலேயே அமைவதால், குஞ்சுகள் வெளிவரும்வரை அவற்றை நீருக்குள் வைத்திருப்பது எளிது. வெளிவந்த குஞ்சுகள் கரையோரப் பள்ளங்களில் சிக்காதிருக்க, வசந்தகால நீர்மட்ட ஏற்ற இறக்கத்துக்கும் 2004-இல் ஏற்பட்ட மற்றோர் ஒப்பந்தம் வரம்பு விதித்தது.