பனிமலையில் விமான ஊழியர்கள்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

'பனி' என்றவுடன் நம் நினைவிற்கு வருவது மார்கழி மாதத்து விடியற்காலையும், புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியுமே. முழங்கால் புதையும் பனியை நம்மில் பெரும்பாலோர் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். அத்தகைய பனி மூடிய மலைச்சரிவில் இரண்டு நீண்ட பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு காற்றாய்ப் பறந்து இறங்கும் விளையாட்டே பனிச்சறுக்கு. அதை ஆங்கிலத்தில் 'ஸ்கீ' என்பர். ஒலிம்பிக் வீரர்கள் மட்டுமே இதில் போட்டியிடுகிறார்கள் என்று நாமும் எண்ணியிருந்தோம். டிக்கெட் பரிசோதிப்பவரும், எஞ்சினைப் பழுதுபார்ப்பவரும், விமானப் பணிப்பெண்ணும் ஒன்றுகூடிப் போட்டியிடும் பனிச்சறுக்கு வாரங்களும் உண்டென்று அறிந்தபோது வியப்படைந்தோம். அவற்றைப் பற்றி அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

விமான ஊழியர்களின் மன்றங்கள்

பல பெரிய விமானக் கம்பெனிகளில் ஊழியர்களுக்கென விளையாட்டு மன்றங்கள் உள்ளன. ஜெர்மனியின் லுஃப்தான்ஸா, இங்கிலாந்தின் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகியவற்றின் ஊழியர்களுக்குப் பனிச்சறுக்கு மன்றங்களும் உண்டு. பல்வேறு நாட்டு விமானக் கம்பெனிகளின் ஊழியர்கள் ஒன்றுகூடுவதை 'இன்டர்லைன்' என்று அத்தொழிலில் அழைப்பர். குளிர்காலத்தில் ஒரு மலையூரைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு வாரம் தங்கி, பகலில் போட்டியும் மாலையில் விருந்துமாகக் கழிப்பதே பனிச்சறுக்கு வாரம்.

விமான ஊழியர்களுக்குப் பயணக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆனால் அச்சலுகையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான சலுகைச் சீட்டுகள், இடம் காலியாக இருந்தால் மட்டுமே செல்லுபடியாகும். முழுக் கட்டணம் செலுத்திய பயணிகள் வந்து நிரம்பிவிட்டால், ஊழியர் தம் பெட்டியுடன் அடுத்த விமானத்திற்குக் காத்திருக்க வேண்டியதுதான். மன்றத்தின் மிகச் சிறந்த வீரரானாலும் இந்த விதிக்கு விலக்கில்லை!

இவர்கள் விளையாட்டையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர். இரவுப் பணியும் பகற்பணியும் மாறிமாறிச் செய்து, கிடைத்த விடுமுறையில் பயிற்சி பெறுபவர்கள். ஆகவே வயதுவாரியாகவும், ஆண், பெண் என்றும் பிரித்துப் போட்டி நடத்துவது வழக்கம். தலை நரைத்தவரும் எண் பொறித்த சட்டையை அணிந்து தம் முறைக்காகக் காத்து நிற்பார்.

சென்னையில் பிறந்தவர் தந்த விளையாட்டு

விடுமுறைக்குச் சென்றவர்கள் விளையாடியதிலிருந்துதான் இந்தப் போட்டியே பிறந்தது எனலாம். அதற்கு வித்திட்டவர் ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் சென்னை! மருத்துவ மிஷனரியாக இந்தியாவிற்கு வந்திருந்த ஹென்றி லன்னுக்கு 1888ஆம் ஆண்டு இங்கே மகனாகப் பிறந்தார். தந்தையின் உடல்நலம் குன்றியதால் குடும்பம் விரைவிலேயே இங்கிலாந்து திரும்பியது. பின்னர் ஹென்றி லன், 1892இல் சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் கிறிஸ்தவ சபைகளின் மாநாட்டை நடத்தினார். அதற்காகச் செய்த பயண ஏற்பாடுகளே வளர்ந்து அவருடைய தொழிலாயின. குளிர்காலத்தில் ஆங்கிலேயரைச் சுவிட்சர்லாந்தின் மலையூர்களுக்கு அழைத்துச் சென்றவர்களில் அவர் முக்கியமானவர்.

மகன் ஆர்னால்டுக்கு மலைகளே உயிர். 1909ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் மலையேறும்போது விழுந்து அவருடைய கால் நொறுங்கியது. அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகவே நின்றுவிட்டது. வேறொருவராயிருந்தால் மலைப்பக்கமே போயிருக்கமாட்டார். அவரோ வாழ்நாளெல்லாம் பனிச்சறுக்கில் ஈடுபட்டார்.

அக்காலத்தில் நார்வே நாட்டினரின் தாவுதலும் நெடுந்தூர ஓட்டமுமே பனிச்சறுக்கில் பெரிதாக மதிக்கப்பட்டன. மலைச்சரிவில் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து வேகமாக இறங்குவதும் ஒரு தனித்திறமை அன்றோ என்று லன் எண்ணினார். மரங்களுக்குப் பதிலாகக் கொடிகளை நட்டார். கொடிகளுக்கிடையே யார் விரைவாக இறங்குகிறாரோ அவரே வெற்றியாளர். இறங்கும் அழகுக்கு மதிப்பெண் இல்லை. 1922ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் மியூரன் என்ற மலையூரில் இவ்வாறு நடந்ததே இன்றைய 'ஸ்லாலம்' போட்டியின் தொடக்கம். 1923இல் பெண்களுக்கென்று ஒரு மன்றமும், 1924இல் 'காந்தகார்' ஸ்கீ மன்றமும் அதே ஊரில் தோன்றின. 1931இல் முதல் உலகப் போட்டியும் மியூரனிலேயே நடந்தது. அதில் பெண்களுக்கான இரு போட்டிகளிலும் வென்ற எஸ்மே மக்கினனுக்கு அப்போது வயது 17. நம்மைவிட இரண்டே வயது மூத்தவர்!

போட்டி நடக்கும் முறை

ஊழியர்களின் பனிச்சறுக்கு வாரத்திலும் பெரும்பாலும் ஸ்லாலமும், 'ஜயன்ட் ஸ்லாலம்' என்ற பெரிய ஸ்லாலமுமே இடம்பெறும். சரிவில் சிவப்பும் நீலமுமாக மாறிமாறிக் கம்பங்களை நடுவர். அவற்றால் அமையும் ஒவ்வொரு வாயிலையும் தவறாமல் கடக்க வேண்டும். இரு பாதங்களும், இரண்டு பலகைகளின் முனைகளும் வாயிலின் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு கால் கம்பத்திற்கு அந்தப் பக்கம் போய்விட்டால் எவ்வளவு வேகமாக வந்தும் பயனில்லை. ஸ்லாலத்தில் வாயில்கள் நெருக்கமாக இருக்கும். பெரிய ஸ்லாலத்தில் இடைவெளி அதிகம். ஆகவே வேகமும் அதிகம்.

போட்டிக்கு முன் பாதையைப் பார்வையிட அனுமதிப்பர். ஆனால் வாயில்களுக்கிடையே இறங்கிப் பழகக் கூடாது. ஓரமாக மெல்லச் சறுக்கி, எந்த வளைவிற்குப் பின் எந்த வளைவு என்று மனப்பாடம் செய்ய வேண்டும். தேர்வு மண்டபத்திற்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நாம் பாடத்தை நினைவுகூர்வது போலவே, அவர்களும் கண்ணை மூடிக் கையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பாதையை நினைவுகூர்வார்கள்.

புறப்படும் இடத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு சிறு குச்சி குறுக்கே நிற்கும். கால் அதைத் தள்ளியவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கும். முடிவுக் கோட்டில் ஓர் ஒளிக்கதிர் இருக்கும். அது மறிக்கப்பட்டவுடன் கடிகாரம் நிற்கும். நேரத்தை ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடுகிறார்கள். அது எவ்வளவு என்று நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் ஏறக்குறைய 16.7 மீட்டர் செல்வார். நூறில் ஒரு நொடியில் அவர் கடப்பது 17 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. அந்தச் சாண் தூரமே பதக்கத்தைத் தீர்மானிக்கலாம்!

பனியும் பௌதிகமும்

பலகை ஏன் வழுக்குகிறது? உடலின் எடை அழுத்துவதால் பனி உருகி நீராகிறது என்பது பழைய விளக்கம். அந்த அழுத்தம் மட்டும் போதாது என்று இன்று அறிகிறோம். பனிக்கட்டியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் உள்ளிருப்பவற்றைப் போல இறுகப் பிணைந்திருப்பதில்லை. இத்தகைய மெல்லிய நீர்ப்படலம் இருக்க வேண்டும் என்ற கருத்தை மைக்கேல் ஃபாரடே 1850ஆம் ஆண்டிலேயே கூறினார். அத்துடன் உராய்வினால் உண்டாகும் வெப்பமும் சேர்ந்து பலகையை வழுக்கச் செய்கிறது. பனியின் வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகைப் பலகையின் அடியில் தேய்ப்பதும் உண்டு.

வெயிலில் பனி இளகிவிட்டால் என்ன செய்வார்கள்? உப்பைத் தூவுவார்கள்! உப்பு பனியை உருக்கிவிடுமே என்று தோன்றுகிறதல்லவா? ஐஸ்கிரீம் செய்பவர் பனிக்கட்டியில் உப்பைக் கலப்பதை நினைத்துப் பாருங்கள். உப்பு கரையும்போதும் பனி உருகும்போதும் சுற்றிலுமுள்ள வெப்பம் உறிஞ்சப்படுகிறது. அதனால் பக்கத்திலுள்ள ஈரம் உறைந்து பாதை இறுகுகிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் படித்த உறைகலவை மலையுச்சியிலும் பயன்படுவது எவ்வளவு இனிய செய்தி!

காலணியைப் பலகையோடு பிணைக்கும் கொக்கியும் முக்கியமானது. விழும்போது அது தானே கழன்றுகொள்ளாவிட்டால் கால் முறுக்கிக்கொண்டு முறிந்துவிடும். அமெரிக்காவில் வாழ்ந்த யால்மர் வாம் என்ற நார்வேக்காரர் 1937இல் தம் காலை முறித்துக்கொண்ட பிறகே, தானே கழலும் கொக்கியை உருவாக்கினார். துன்பமும் சில வேளைகளில் ஆசானாகிறது.

நொடியும் உயிரும்

இனி, எங்கள் மனத்தை மிகவும் தொட்ட செய்திக்கு வருவோம். 1928ஆம் ஆண்டு ஜனவரி மாதம், காந்தகார் மன்றத்தைச் சேர்ந்த 17 பேர் 2,970 மீட்டர் உயரமுள்ள ஷில்ட்ஹார்ன் சிகரத்திலிருந்து பள்ளத்தாக்கிலுள்ள லாட்டர்புருன்னன் ஊர்வரை ஒரு போட்டி நடத்தினர். அந்தச் சிகரத்திற்குக் கம்பிவட வண்டி வந்தது 1967இல்தான். ஆகவே அன்று அவர்கள் தம் காலாலேயே ஏறிச் சென்றார்கள். பிறகு பண்படாத பனியில் இறங்கினார்கள். 'இன்ஃபெர்னோ', அதாவது நரகம் என்பதே போட்டியின் பெயர்! வென்றவருக்கு 1 மணி 12 நிமிடம் பிடித்தது. கலந்துகொண்ட பெண்களில் ஒருவர் டோரீன் எலியட். வழியில் அடிபட்டு விழுந்த ஒருவருக்கு உதவுவதற்காக அவர் நின்றுவிட்டார். நின்றும்கூட, ஆண்கள் பலரை முந்தி நான்காவதாக வந்தார். நிற்காமல் சென்றிருந்தால் எந்த இடம் கிடைத்திருக்குமோ, யார் அறிவார்! வென்றவரோடு அவரையும் இன்றுவரை நினைக்கிறார்கள். அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது. கலந்துகொள்வோர் எண்ணிக்கை 1,850 வரை உயர்ந்துள்ளது.

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967ஆம் ஆண்டு, சரிவில் இறங்கும் அனைவருக்குமாகப் பத்து நடத்தை விதிகளை வகுத்தது. பிறருக்கு ஆபத்து விளைவிக்காதே என்பது முதல் விதி. உன்னால் அடக்க முடிந்த வேகத்திலேயே செல் என்பது இரண்டாவது. விபத்து நேர்ந்தால் உதவுவது ஒவ்வொருவருக்கும் கடமை என்பது ஒன்பதாவது விதி. போட்டியின்போது முன்னே சென்றவர் விழுந்து வழியை மறித்தால், பின்னே வருபவர் உடனே பாதையைவிட்டு விலகி நடுவரிடம் தெரிவித்து, மீண்டும் ஒருமுறை இறங்க அனுமதி கேட்கலாம். டோரீனுக்கு அன்று அத்தகைய சலுகை இருக்கவில்லை.

இந்த ஒன்பதாவது விதி விமான ஊழியர்களுக்குப் புதியதன்று என்றே தோன்றுகிறது. பணிப்பெண் என்றால் புன்னகையுடன் உணவு தருபவர் என்று நாம் எண்ணுகிறோம். அவருடைய முதற்கடமையோ பயணிகளின் பாதுகாப்பு. புதிய பெரிய விமானம் ஒன்றிற்கு அனுமதி தருமுன், பாதி வாயில்களை மட்டும் பயன்படுத்தி 90 நொடிகளில் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்று மெய்ப்பிக்க வேண்டும். பிறர் உயிருக்காக நொடிகளை எண்ணப் பழகியவர்கள், ஆண்டில் ஒரு வாரம் தமக்காக நொடிகளை எண்ணுகிறார்கள். சரிவில் ஒருவர் விழுந்துவிட்டால் இந்த இரண்டு கணக்கில் எது பெரிது என்று அவர்கள் நொடிப்பொழுதில் தீர்மானிக்க வேண்டும். போட்டியின் உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது.

நாம் பனிமலைக்குப் போவோமோ மாட்டோமோ, தெரியாது. ஆனால் நம் விளையாட்டு மைதானத்திலும் வெள்ளைக் கோடு இருக்கிறது. பக்கத்துத் தடத்தில் ஓடும் தோழியும் இருக்கிறாள். அவள் கால் இடறி விழும் நாளில், சென்னையில் பிறந்த ஒருவர் வளர்த்த விளையாட்டையும், நின்று உதவி நான்காவதாக வந்த டோரீனையும் நினைத்துக்கொள்வோமாக!